ஸ்காட்லாந்தில் முதல் மான் வேட்டை: புதுச்சேரியிலிருந்து செல்வோருக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

புதுச்சேரியில் சொல்தா குடும்பங்கள் (பிரெஞ்சுப் படையில் பணியாற்றியோரின் குடும்பங்கள்) பலவற்றில் அண்ணனோ அத்தை மகனோ பிரான்சிலோ லண்டனிலோ குடியேறியிருப்பார்கள். விடுமுறைக்கு அங்கே செல்பவர்களில் சிலருக்கு, வழிகாட்டி ஒருவருடன் மலையேறி மான் வேட்டையைக் கற்கவும், அந்தக் கறியைத் தம் கையால் பக்குவப்படுத்தவும் ஆவல் உண்டாகிறது. அவர்களுக்காகவே இந்த வழிகாட்டி எழுதப்படுகிறது. விசையை அழுத்தும் நொடி அந்த நாளின் மிகச் சிறிய பகுதி என்பதையும், கறி சுத்தமாக அடுப்புக்கு வந்து சேரும்வரை சுட்டவருடைய பொறுப்பு தீருவதில்லை என்பதையும் தொடக்கத்திலேயே மனத்தில் இருத்திக்கொள்ள வேண்டும். இதை ஏற்க இயலாதவர், துப்பாக்கியைத் தொடாமல் பார்வையாளராக உடன் செல்வதே முறை.

முதலில் நம் ஊர் நிலவரம். 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம், 9-ஆம் பிரிவின்படி, காட்டு விலங்குகளை வேட்டையாடுவதைத் தடை செய்கிறது. புள்ளிமான், கடமான், வெளிமான் எதுவானாலும் வேட்டையாடினால் சிறைத்தண்டனை உண்டு; அவற்றின் கறியை வாங்குவதும் வைத்திருப்பதும்கூடக் குற்றமே. கடலூர்ப் பக்கமோ விழுப்புரம் பக்கமோ யாரேனும் ‘மான்கறி இருக்கிறது’ என்று இரகசியமாகச் சொன்னால், அந்தப் பேச்சை அங்கேயே முறித்துவிடுங்கள். இந்தக் கட்டுரையில் சொல்லப்படும் எதுவும் இந்திய மண்ணுக்குப் பொருந்தாது.

ஸ்காட்லாந்தின் நிலைமை முற்றிலும் வேறு. மானை அடித்துத் தின்னும் ஓநாய் அந்த நாட்டில் 18-ஆம் நூற்றாண்டுக்குள் அழிந்துபோனது. அதன் இடத்தை நிரப்ப வேறு விலங்கு இல்லை. இன்று அங்கே நான்கு வகை மான்களும் சேர்ந்து பத்து லட்சம் வரை இருக்கலாம் என்று கணக்கிடுகிறார்கள். அவை முளைவிடும் மரக்கன்றுகளை மேய்ந்துவிடுவதால் காடு தன்னைப் புதுப்பித்துக்கொள்ள இயலாமல் தவிக்கிறது. கடுங்குளிரில் தீனியின்றி மான்களும் மடிகின்றன. ஆகவே ஆண்டுதோறும் குறிப்பிட்ட எண்ணிக்கையைக் குறைப்பது நிலத்தை நிர்வகிப்போரின் கடமையாகவே கருதப்படுகிறது. விருந்தினராகச் செல்லும் நாம் அந்தக் கணக்கில் ஒன்றைத்தான் எடுக்கிறோம்.

பிரான்சிலேயே வேட்டைக்குப் போகலாமே என்று சிலர் கேட்பார்கள். அங்கே புதியவர் பயிற்சியும் தேர்வும் முடித்துப் ‘பெர்மி’ எனப்படும் வேட்டை உரிமம் எடுக்க வேண்டும்; சில வார விடுமுறையில் அது நடக்கும் காரியமல்ல. ஸ்காட்லாந்திலோ, 17 வயது நிறைந்த விருந்தினர், துப்பாக்கி உரிமம் பெற்றவர் உடனிருக்கும்போது, தனியார் நிலத்தில் அவருடைய ரைஃபிளைக் கடனாக வாங்கிச் சுடுவதற்குச் சட்டம் இடம் தருகிறது. பயண ஆவணங்களைப் பொறுத்தவரை, இந்தியக் கடவுச்சீட்டு வைத்திருப்போருக்கு விசா வேண்டும். பிரெஞ்சுக் கடவுச்சீட்டு வைத்திருப்போர் 2025 ஏப்ரல் முதல் இணையவழி முன்னனுமதி பெற வேண்டும்.

எந்த மான், எந்தப் பருவம்

மலைப்பகுதியில் புதியவர் நாடுவது பெரும்பாலும் செம்மான். அதன் பெண்ணை ‘ஹைண்ட்’ என்றும் ஆணை ‘ஸ்டேக்’ என்றும் அங்கே அழைக்கிறார்கள். பெண்மானைச் சுட அனுமதிக்கப்பட்ட காலம் அக்டோபர் 21 முதல் பிப்ரவரி 15 வரை. ஆண்மானுக்கான தடைக்காலம் 2023 அக்டோபரில் நீக்கப்பட்டுவிட்டது. ஆயினும் வேட்டைக்கு இடம் தரும் பெரிய தனியார் நிலங்களான எஸ்டேட்டுகள் பலவும் ஜூலை தொடங்கி அக்டோபர் 20 வரை என்ற பழைய வழக்கத்தையே பின்பற்றுகின்றன.

முதல் முறை செல்பவருக்குப் பெண்மான் பருவத்தையே நான் பரிந்துரைப்பேன். கட்டணம் குறைவு என்பது ஒரு காரணம். அதைவிட முக்கியமானது, கொம்பின் அழகை எண்ணி மனம் அலைபாயாமல், கறிக்காகவும் நிலத்துக்காகவும் செய்யும் வேலையாக அது அமைகிறது என்பது. செப்டம்பர் இறுதி முதல் அக்டோபர் வரை இணைசேரும் பருவத்தில் இருக்கும் ஆண்மானின் கறி வாடை மிகுந்து, உடலும் மெலிந்து இருக்கும். குளிர்காலத் தொடக்கத்துப் பெண்மானின் கறியோ தரமானது.

ஆனால் பெண்மான் வேட்டையில் மனத்தைத் தயார்செய்துகொள்ள வேண்டிய ஒன்று உண்டு. அந்தப் பருவத்தில் தாயைச் சார்ந்த கன்று கூடவே நிற்கக்கூடும். தாயை மட்டும் சுட்டுக் கன்றை விட்டுவந்தால், அது குளிரில் தவித்துச் சாகும். ஆகையால் கன்றையும் சேர்த்தே எடுப்பது, அல்லது அந்த இணையை விட்டுவிட்டுக் கன்றில்லாத மானைத் தேடுவது என இரண்டே வழிகள் உள்ளன. எதைச் சுடுவது, எதை விடுவது என்ற முடிவு முழுக்க முழுக்க வழிகாட்டியுடையது. இதைப் பற்றி முந்தைய நாள் இரவே அவரிடம் பேசித் தெளிவுபெற வேண்டும். மலைமேல் படுத்துக்கொண்டு விவாதிக்க நேரமிராது.

முன்பதிவு செய்யும்போதே கேட்க வேண்டிய இன்னொரு கேள்வி கறியைப் பற்றியது. சுட்டவருக்கே மான் சொந்தம் என்று நம்மவர்கள் எண்ணிவிடுகிறார்கள். அப்படியில்லை, வழக்கப்படி மான் உடல் எஸ்டேட்டுக்கே உரியது, அதை அவர்கள் கறி வியாபாரிக்கு விற்கிறார்கள். விருந்தினர் விலை கொடுத்து முழு மானையோ ஒரு பகுதியையோ வாங்கிக்கொள்ளலாம். செம்மான் முழுதாக வேண்டுமென்றால், உறவினர் வீட்டில் பெரிய ஃப்ரீசர் இருக்க வேண்டும். சிறிய குடும்பத்துக்கு ‘ரோ’ எனப்படும் சிறுமான் போதும். அதன் பெண்மான் பருவம் அக்டோபர் 21 முதல் மார்ச் 31 வரை.

புறப்படும் முன் உடலும் உடையும்

புதுச்சேரி மேடுபள்ளமில்லாத ஊர். கடற்கரைச் சாலையில் எத்தனை முறை நடந்தாலும் மலைக்கு வேண்டிய கால் வலிமை வராது. ஆகவே புறப்படுவதற்கு இரண்டு மூன்று மாதங்களுக்கு முன்பே செஞ்சிக்குச் சென்று ராஜகிரிக் கோட்டையில் ஏறி இறங்கிப் பழகுவது நல்லது. ஏறுவதைவிட இறங்குவதே முழங்காலைச் சோதிக்கும். அதையும் கவனித்துப் பழகுங்கள். மலையில் ஈரச் சேற்றிலும் புதர்ச்செடிகளிலும் தவழ்ந்து செல்ல வேண்டியிருக்கும் என்பதால், தரையில் முழங்கையூன்றி நகரும் பயிற்சியும் வேண்டும்.

ஜீன்ஸ், பருத்திச் சட்டை இரண்டையும் தவிர்க்க வேண்டும். நனைந்தால் உலராது, உடம்பின் சூட்டை உறிஞ்சிவிடும். உள்ளே கம்பளி, வெளியே உரசும்போது சத்தமிடாத மழைத்தடுப்பு உடை, கணுக்காலை மூடும் பழகிய பூட்ஸ், தொப்பி, விரல்கள் அசையும் கையுறை ஆகியவை போதும். நறுமணத் தைலமும் சென்ட்டும் அன்றைக்கு வேண்டாம்.

முதல் நாள்: இலக்குப் பலகை

மலைக்கு அழைத்துச் செல்லும் முன், ‘ஸ்டாக்கர்’ எனப்படும் வழிகாட்டி உங்களை இலக்குப் பலகையை நோக்கிச் சுடச் சொல்வார். வழக்கமாக 100 மீட்டர் தொலைவு இருக்கும். ரைஃபிள் சரியாக இருக்கிறதா என்று பார்ப்பது இதன் ஒரு பாதி. நீங்கள் பதறாமல் சுடுகிறீர்களா என்று அவர் கணிப்பது மறுபாதி. மூச்சைப் பாதி வெளிவிட்டு நிறுத்தி, விசையை வெடுக்கென இழுக்காமல் விரலின் நுனிச் சதையால் மெல்ல அழுத்த வேண்டும். கண்ணை ஸ்கோப்பின் (ரைஃபிள் மேலுள்ள குறிபார்க்கும் தொலைநோக்கியின்) மீது ஒட்டி வைக்கக் கூடாது. பின்னுதைப்பில் புருவம் கிழியும். குண்டுகள் சிதறி விழுந்தால், வெட்கப்படாமல் இன்னும் நெருங்கிய தூரத்துக்கு வரம்பு வைத்துக்கொள்ளுமாறு அவரிடம் கேளுங்கள். நல்ல ஸ்டாக்கர் அதை மதிப்பார்.

பாதுகாப்பு விதிகளில் விட்டுக்கொடுப்பதற்கு எதுவுமில்லை. துப்பாக்கி எப்போதும் நிரப்பப்பட்டதாகவே கருதப்பட வேண்டும். அதன் வாய் எந்த மனிதரையும் நோக்கக் கூடாது. வழிகாட்டி சொல்லும்வரை குண்டு துப்பாக்கியின் சுடும் அறைக்குள் ஏறக் கூடாது. மானுக்குப் பின்னால் குண்டைத் தாங்கும் மண்மேடு இல்லையென்றால் சுடவே கூடாது. மலைமுகட்டில், வானத்தைப் பின்னணியாகக் கொண்டு நிற்கும் மான் எவ்வளவு அருகில் இருந்தாலும் அது இலக்கல்ல. ரைஃபிள் குண்டு சில கிலோமீட்டர் தூரம் பறக்கக்கூடியது.

மலையில்: காற்றும் பொறுமையும்

மான் நம்மைக் கண்டுபிடிப்பது முதலில் மூக்கால். அதன் கண் அசைவை உணரும், காது சிறு சத்தத்தையும் பிடிக்கும். ஆனால் மனித வாடை ஒரு முறை மூக்கில் பட்டுவிட்டால் கூட்டமே மலையைத் தாண்டிப் போய்விடும். ஆகவே அன்றைய பாதையைத் தீர்மானிப்பது காற்று. வீராம்பட்டினத்து மீனவர் கொண்டலா வாடையா என்று முகத்தில் பட்டதுமே சொல்லிவிடுவதைப் போல, ஸ்டாக்கரும் காற்றின் போக்கை நொடிக்கு நொடி அறிந்துகொண்டே நடப்பார். காற்று எப்போதும் மான் பக்கமிருந்து நம்மை நோக்கி வீச வேண்டும். பள்ளத்தாக்கில் காற்று சுழன்று திரும்பும் என்பதால், நேர்வழியில் அரைமணி தூரத்தை இரண்டு மணி நேரம் சுற்றி நடக்க வைப்பார். ஏன் என்று கேட்காமல் பின்தொடருங்கள்; ஓய்வின்போது கேட்டால் மகிழ்ச்சியோடு விளக்குவார், அந்த விளக்கத்தில்தான் உண்மையான கல்வி இருக்கிறது.

அவர் அடி வைத்த இடத்திலேயே அடி வையுங்கள். அவர் நின்றால் நில்லுங்கள், படுத்தால் படுங்கள். கைபேசியை அணைத்துவிடுங்கள். பைனாகுலரில் பார்க்கும்போது முழு மானைத் தேடாமல், காதின் அசைவையும் முதுகின் கிடைக்கோட்டையும் தேடுங்கள். தனியாக நிற்கும் மானைவிடக் கூட்டத்தில் காவல் காக்கும் கிழப் பெண்மானே நம் முயற்சியைக் கெடுக்கும். அது தலை தூக்கி நம் பக்கம் பார்த்தால், மீண்டும் மேயத் தொடங்கும்வரை அசையவே கூடாது. நவம்பர் குளிரில் ஈரத்தில் அப்படிக் கிடப்பது எளிதல்ல. மாலை நான்கு மணியளவில் இருட்டிவிடும் என்பதால், ஒரு நாள் முழுவதும் அலைந்து ஒரு குண்டும் சுடாமல் திரும்ப நேரலாம். கொடுத்த பணத்தை எண்ணி வழிகாட்டியை அவசரப்படுத்துவது முறையன்று.

சுடும் இடத்துக்கு வந்ததும் வழிகாட்டி ரைஃபிளைத் தாங்கியில் வைத்துத் தருவார். புதியவர் ஏறத்தாழ 100 மீட்டர் தொலைவிலேயே சுட வேண்டும். 150-ஐத் தாண்டக் கூடாது என்பது என் உறுதியான கருத்து. மான் பக்கவாட்டில், அசையாமல் நிற்க வேண்டும். முன்னங்காலின் பின்கோட்டை ஒட்டிக் கண்ணை மேலே கொண்டுசென்று, உடம்பின் உயரத்தில் மூன்றில் ஒரு பங்குக்குச் சற்று மேலே நிறுத்துங்கள். அங்கே இதயமும் நுரையீரலும் இருக்கின்றன. தலையையோ கழுத்தையோ குறிவைப்பது புதியவருக்கு உரியதல்ல. சிறு பிசகில் தாடை உடைந்த மான் ஓடிப்போய்ப் பல நாள் வதைபடும். பின்னால் வேறு மான் நிற்கிறதா என்றும் பாருங்கள். குண்டு ஊடுருவிச் சென்று அதையும் காயப்படுத்தும். உள்ளத்தில் சிறு ஐயம் எழுந்தாலும் ‘வேண்டாம்’ என்று சொல்லிவிடலாம். அதைக் கேட்டு எந்த ஸ்டாக்கரும் முகம் சுளிக்க மாட்டார்.

சுட்டவுடன் எழக் கூடாது. அடுத்த குண்டை ஏற்றிக்கொண்டு, ஸ்கோப்பில் மானைப் பார்த்தபடியே இருங்கள். இதயத்திலோ நுரையீரலிலோ பட்ட மான்கூட 50 முதல் 100 மீட்டர் ஓடிய பிறகே விழக்கூடும். அது நின்ற இடத்தைப் பாறை, புதர் என ஓர் அடையாளத்தோடு மனத்தில் பதியுங்கள். அங்கே நுரைத்த இளஞ்சிவப்பு இரத்தம் இருந்தால் நுரையீரல். கருஞ்சிவப்பாக இருந்தால் ஈரல். பச்சையாகத் தீனிச் சிதறல் தெரிந்தால் வயிறு. வயிற்றில் பட்டிருந்தால் உடனே துரத்தாமல் காத்திருந்து நாயோடு தேடுவார்கள். அந்தத் தேடலில் கடைசிவரை உடனிருப்பது சுட்டவரின் கடமை. விழுந்த மானைப் பின்புறமாக நெருங்கி, நீண்ட கோலால் கண்மணியைத் தொட்டுப் பார்க்க வேண்டும். இமை துடித்தால் உயிர் இருக்கிறது என்று பொருள். வழிகாட்டி உடனே முடித்துவைப்பார்.

மலைமேலேயே தொடங்கும் கறி வேலை

மான் விழுந்ததும் கடிகாரம் ஓடத் தொடங்குகிறது. உடற்சூடும் வயிற்றில் நொதிக்கும் தீனியுமே கறிக்குப் பகை. ஆகையால் அங்கேயே இரத்தம் வடித்துக் குடல் எடுக்க வேண்டும். இதை ‘கிரலாக்’ என்கிறார்கள். முதல் முறை வழிகாட்டி செய்வதைப் பார்த்து, அவர் அனுமதித்தால் கையுறை மாட்டிக்கொண்டு உதவுங்கள்.

மானின் தலை சரிவின் கீழ்ப்பக்கம் இருக்குமாறு கிடத்தி, கழுத்து நெஞ்சோடு சேரும் இடத்தில் கத்தியைச் செலுத்திப் பெரிய இரத்தக் குழாய்களை அறுப்பார். பிறகு தொண்டைத் தோலைக் கீறி, மூச்சுக்குழாயிலிருந்து உணவுக்குழாயைப் பிரித்து எடுத்து முடிச்சிடுவார். வயிற்றுத் தீனி பின்னோக்கி வழிந்து கறியில் படாமல் காப்பது இந்த முடிச்சே. அடுத்து வயிற்றுத் தோலில் சிறு துளையிட்டு, இரண்டு விரல்களை உள்ளே விட்டுத் தோலைத் தூக்கிப் பிடித்து, அவற்றின் நடுவே கத்தியின் கூர்ப்பக்கம் மேல்நோக்கி இருக்கும்படி கீறிச் செல்வார். கத்தி முனை இரைப்பையையோ குடலையோ தொட்டால் அந்தக் கறியின் பெரும்பகுதி கெடும். இரைப்பையும் குடலும் சேர்ந்து வெளியே வரும். சிறுநீர்ப்பையைச் சிந்தாமல் எடுப்பதற்குக் கைப்பழக்கம் வேண்டும்.

இந்த நேரத்தில்தான் நோய்ச் சோதனையும் நடக்கிறது. குடலை ஒட்டிய நிணநீர்க் கட்டிகள் வீங்கியிருக்கின்றனவா, ஈரலில் தட்டைப்புழுவோ வெண்புள்ளிகளோ தெரிகின்றனவா, நெஞ்சுச் சுவரில் சீழ்க்கட்டி உண்டா என்று வழிகாட்டி ஒவ்வொன்றாகப் பார்ப்பார். சுடும் முன் மான் நொண்டியதா, சோர்ந்து நின்றதா என்பதும் சேர்த்துக் கணக்கில் கொள்ளப்படும். கறி விற்பனைக்குப் போவதானால், பயிற்சி பெற்றவர் இவற்றைப் பார்த்து எழுதிக் கையொப்பமிட்ட சீட்டு மானோடு கட்டப்பட வேண்டும்.

நம் ஊர்க் கறிக்கடைப் பழக்கத்தில், உடனே தண்ணீர் ஊற்றிக் கழுவத் தோன்றும். அதைச் செய்யக் கூடாது. மலையோடைத் தண்ணீரில் கிருமி இருக்கும்; ஈரம் கறியின் மேற்பரப்பெங்கும் அதைப் பரப்பிவிடும். அழுக்குப் பட்ட இடத்தைக் கத்தியால் சீவி எறிவதே சரி.

அன்றிரவு குளித்துவிட்டு உண்ணிக் கடி இருக்கிறதா என்று அக்குள், இடுப்பு, முழங்கால் மடிப்பு எங்கும் பாருங்கள். உண்ணியை நுனி கூர்ந்த இடுக்கியால் தோலை ஒட்டிப் பிடித்து நேராக இழுத்தெடுக்க வேண்டும். பின்வரும் வாரங்களில் கடித்த இடத்தில் வட்டமாகச் சிவப்பு பரவினால் லைம் நோயாக இருக்கலாம். ஊர் திரும்பிய பிறகு தோன்றினால், ஸ்காட்லாந்தில் உண்ணி கடித்தது என்பதை மருத்துவரிடம் தெளிவாகச் சொல்லுங்கள். நம் பகுதியில் அந்த நோய் உடனே நினைவுக்கு வராது.

லார்டரில் தொங்கவிடுதல்

எஸ்டேட்டின் குளிர் அறைக்கு ‘லார்டர்’ என்று பெயர். அங்கே தலையும் கால் குளம்புகளும் நீக்கப்பட்டு, நெஞ்சுக்கூடு திறக்கப்பட்டு, மான் தோலோடு தொங்கவிடப்படும். தோல் இருப்பதால் கறி காய்ந்துபோகாது. உள்வெப்பம் 7 டிகிரி செல்சியஸுக்குக் கீழே கூடிய விரைவில் இறங்க வேண்டும். முதல் நாளில் தசை இறுகி விறைத்திருக்கும். அப்போதே வெட்டிச் சமைத்தால் எவ்வளவு நேரம் வேகவைத்தாலும் ரப்பராகவே இருக்கும். சில நாள் முதல் ஒரு வாரம்வரை குளிரில் தொங்கினால் நார் தளர்ந்து மென்மையாகும். காலையில் வெட்டிய ஆட்டை மதியம் குழம்பு வைக்கும் நமக்கு இந்தக் காத்திருப்பு புதிது. வேட்டைக்குப் பிறகும் ஊர் திரும்பச் சில நாள் இருக்கும்படி பயணத்தைத் திட்டமிடுங்கள்.

வெட்டுதலும் சமைத்தலும்

வீட்டில் வெட்டும்போது கூரிய சிறு கத்தி போதும், கொத்துக்கத்தி வேண்டாம். பின்தொடையின் தசைகளை வெண்சவ்வுக் கோடுகளின் வழியே விரலால் பிரித்தால் முழு உருண்டைகளாக வரும். முதுகெலும்பின் இருபுறமும் ஓடும் நீளத் தசையே எல்லாவற்றிலும் மென்மையானது. முன்னந்தொடை, கழுத்து, கணுக்கால் இறைச்சி ஆகியவை நீண்ட நேரம் வேக வேண்டியவை. குண்டு துளைத்த இடத்தையும் சுற்றிலும் இரத்தம் கட்டிய சதையையும் தாராளமாக அகற்றி எறியுங்கள். ஈயக் குண்டு பயன்பட்டிருந்தால், கண்ணுக்குத் தெரியாத துகள்கள் சுற்றியுள்ள சதையில் கலந்திருக்கும். சிறுவர்களும் கருவுற்றோரும் அந்தக் கறியைத் தவிர்க்க வேண்டும். செம்பில் செய்த குண்டு கிடைக்குமா என்று முன்பே கேட்டுவிடுவது நல்லது.

ஆட்டுக்கொழுப்பைச் சேர்த்துச் சமைப்பதுபோல் மான்கொழுப்பைச் சேர்க்கக் கூடாது. அது மெழுகுபோல் உறைந்து வாயில் ஒட்டும். கொழுப்பையும் வெண்சவ்வையும் நீக்கிவிட்டு, நல்லெண்ணெயோ நெய்யோ தாராளமாகச் சேர்க்க வேண்டும். மான்கறியில் கொழுப்பு மிகக் குறைவென்பதால் எளிதில் வறண்டுவிடும்.

முன்னந்தொடைக் கறிக்கு நான் சொல்லும் முறை இது. துண்டுகளை மஞ்சள், உப்பு, இஞ்சி பூண்டு விழுது, சிறிது வினிகர் சேர்த்து ஃப்ரிட்ஜில் இரவு முழுவதும் ஊறவையுங்கள். மறுநாள் எண்ணெயில் நம் ஊர்த் தாளிப்பு வடகத்தைப் பொரியவிட்டு, சின்ன வெங்காயம் நிறைய வதக்கி, கறியைச் சேர்த்து நிறம் மாறும்வரை கிளறி, மிளகும் மல்லித்தூளும் போட்டு, மூடி, சிறுதீயில் இரண்டு மணி நேரத்துக்குக் குறையாமல் வேகவிடுங்கள். கிழமானாக இருந்தால் மூன்று மணி நேரமும் ஆகலாம். குக்கர் விசிலை எண்ணுவதைவிட, கறியை விரலால் பிட்டுப் பார்ப்பதே நம்பகமானது. இறக்கும் முன் தேங்காய்ப்பால் ஊற்றி ஒரு கொதி வரட்டும். முதுகுத் தசையை இதற்கு நேர்மாறாக, மெல்லிய வில்லைகளாக நறுக்கி, நன்றாகக் காய்ந்த சட்டியில் நெய்யும் மிளகும் சேர்த்து, வெந்ததும் இறக்கிவிட வேண்டும். மேலும் சில நிமிடம் விட்டாலே மரக்கட்டையாகிவிடும். கறியின் நடுப்பகுதி 70 டிகிரியில் இரண்டு நிமிடமாவது இருந்தால் கிருமி அழியும். முதியோரும் கருவுற்றோரும் உண்ணும் வீட்டில் இந்த அளவைக் குறைக்க வேண்டாம்.

மீதியை ஒரு வேளைக்கு ஆகும் அளவில் பிரித்து, காற்றுப் புகாமல் கட்டி, எந்தப் பகுதி, எந்தத் தேதி என்று எழுதி −18 டிகிரியில் வையுங்கள். உறைந்த கறியை வெளியே வைத்து உருக்காமல், முதல் நாளே ஃப்ரிட்ஜின் கீழ்த்தட்டுக்கு மாற்றிவிட வேண்டும். உறவினர் அன்போடு ஒரு பொட்டலம் கட்டித் தந்தாலும், அதை ஊருக்குக் கொண்டுவர எண்ண வேண்டாம். இறக்குமதி அனுமதியில்லாத இறைச்சியைச் சென்னை விமான நிலையத்தில் பறிமுதல் செய்வார்கள். கொம்பையும் தோலையும் அங்கேயே உறவினர் வீட்டில் விட்டுவருவதே நல்லது.